குருணைக்கு வந்த கேடு

ஐப்பசி 23, வெள்ளி

இந்த டைரி சுடருக்கு ஆலையில் கொடுத்தது. வருடம் முக்கால்வாசி தீர்ந்த பிறகு கொடுத்திருக்கிறார்கள், அதனால் என்னிடம் தள்ளிவிட்டாள். அச்சடித்த தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஞாபகத்துக்காக நான் எதையும் எழுத வேண்டியதில்லை. யார், என்றைக்கு, என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. ஆனால் நான் எடுத்துச் சொன்னால், அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று வீட்டில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து சாதிக்கிறார்கள். இனிமேல் தேதியோடு காட்டலாம்.

சுடர்விழி என் மகன் வயிற்றுப் பேத்தி. ரசாயனத்தில் பெரிய படிப்பு முடித்துவிட்டு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் ஏதோ சோதனை நடத்துகிறாள். வாடகை வீட்டில் தனியாக இருந்து ரொட்டியும் பழமுமாகத் தின்று இளைத்துப் போனாள். சமைத்துப் போட என்னை அனுப்பினான் மகன். தோசைக்கல், அரிவாள்மணை, மசாலா டப்பாக்கள் எல்லாம் கூடவே கொண்டுவந்துவிட்டேன். அடுத்தவர் பாத்திரம் எனக்கு ஒத்துவராது.

ஐப்பசி 25, ஞாயிறு

என்ன வேலை என்று இன்றைக்கு உட்கார வைத்துக் கேட்டேன். பாதிதான் புரிந்தது.

ஆலைப் புகைபோக்கியில் போகிற கரியமில வாயுவைப் பிடித்துச் சுத்தம் பண்ணி, இன்னொரு வாயுவோடு கலந்து, சூடாக்கி, அழுத்தி, ஒரு இரும்புக் குழாய்க்குள் விடுகிறார்களாம். குழாய் நிறையக் கறுப்புக் குருணை. செம்புத் துரு, துத்தநாகத் துரு, அலுமினியத் துரு மூன்றையும் சேர்த்து இவள் கையால் செய்தது. அந்தக் குருணையைத் தொட்டுக்கொண்டு போகிற வாயு மறுபக்கம் சாராயம் மாதிரி சொட்டுமாம். குடித்தால் கண் போய்விடும், ஆனால் பெயிண்டு, பிசின், எரிபொருள் என்று ஆயிரம் உபயோகம் என்றாள்.

குருணை தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்றேன். தீராது என்றாள். வேலை செய்கிற பொருள் எப்படித் தீராமல் இருக்கும்?

"உன் தோசைக்கல்லு தோசையாயிடுதா அப்பாயி? கல்லு கல்லாவேதான இருக்கு. அது இல்லாம மாவு தோசையாகுமா? அதான் இது."

அது புரிந்தது. பிறகு, குருணை தீராது ஆனால் செத்துப்போகும் என்றாள். அது புரியவில்லை. உன் கல்லில் யாராவது சப்பாத்தி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். எனக்கா தெரியாது? என் கல்லில் மருமகள், அதாவது இவள் அம்மா, இவளுடைய ஐந்தாவது பிறந்தநாளன்று சப்பாத்தி போட்டாள். அதன் பிறகு ஒரு மாதம் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. அதேதான், கல்லு இருக்கும் வேலை நடக்காது என்றாள் சுடர்.

இந்தக் குருணை நாள் கணக்காகச் சாகாமல் வேலை செய்ய வேண்டும். செய்தால் பெரிய ஆலை கட்டுவார்கள். இல்லையென்றால் மார்கழியில் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். படித்து முடித்ததிலிருந்து இவள் வேறு எதையும் செய்ததில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தாலும் குருணை முடியட்டும் என்கிறாள்.

ஐப்பசி 28, புதன்

மழை. சுடருக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்துக்கொண்டு எதைப் போட்டாலும் மண் மாதிரி இருக்கிறது என்கிறாள். மிளகு ரசம் வைத்தேன், அதுவும் மண்தானாம்.

மாலையில் ஆலையிலிருந்து ஒருவன் வந்தான். ஐம்பது வயது இருக்கும். குழாய்களைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த ஆள், பெயர் கலியபெருமாள். பொருள் வைக்கும் அறையின் கூரை ஒழுகுகிறது, குருணை நனைந்துவிடும் என்று சொல்ல வந்தவன். எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம்தான். யார் மகன் என்று கேட்டேன். தனக்கோடி மகன் என்றான்.

தண்ணீர் சொம்பை நான் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தேன்.

எழுபத்தெட்டாம் வருடம் ஆவணி மாதம். தனக்கோடி வீட்டுக் கல்யாணம். என் வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்து, சாதம் விழுந்து, சாம்பார் ஊற்றியாகிவிட்டது. அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, மாங்காய் ஊறுகாய். அப்பளத்தை இன்னும் உடைக்கவில்லை. தனக்கோடி வந்து, மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டும், எந்திரிங்க என்றான். அவர் எழுந்தார். இலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நீராகாரம் குடித்தார். சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

கலியபெருமாள் போன பிறகு சுடர் ஆலைக்குப் போய்க் குருணைப் புட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மாடத்தில் வைத்தாள்.

"ஈரம் மட்டும் படக்கூடாது அப்பாயி. இத வெளிய எடுத்துட்டு வரக்கூடாதுன்னு ரூல். யாராச்சும் கேட்டா ஆலையிலதான் இருக்கு, சரியா?"

என்னை யார் கேட்கப் போகிறார்கள்.

கார்த்திகை 1, சனி

மாடத்தைத் துடைக்கும்போது புட்டி சாய்ந்து மூடி விரிசல் விட்டது. குருணை சிந்தவில்லை. வெளியே மழை, சுவரெல்லாம் வியர்க்கிறது. வீட்டிலேயே இறுக்கமான மூடி எது என்று பார்த்தேன். கட்டிப் பெருங்காயம் வைத்திருக்கிற தகர டப்பாதான். அதன் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும். பெருங்காயத்தை வேறு தாளில் மடித்து வைத்துவிட்டு, டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து, அடுப்புப் பக்கத்தில் காய வைத்து, குருணையை அதில் கொட்டி மூடினேன். வாசம் முழுக்கப் போகவில்லை. வாசம் ஈரமில்லையே.

சுடரிடம் சொல்லவில்லை. மூடி வாங்கியதும் மாற்றிவிட்டால் போயிற்று.

கார்த்திகை 4, செவ்வாய்

மழை. கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை. காலில் வீக்கம்.

கார்த்திகை 6, வியாழன்

புட்டிக்கு ஏற்ற மூடி கிடைத்தது. குருணையைத் திரும்பப் புட்டியில் கொட்டி மாடத்தில் வைத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை, உலர்ந்த கடுகு மாதிரி சலசலவென்று விழுந்தது. என்னைத் தவிர வேறு யார் இத்தனை பதமாகக் காப்பாற்றியிருப்பார்கள்?

கார்த்திகை 7, வெள்ளி

இன்றைக்குக் குழாயில் குருணை நிரப்பினார்கள். நான் விளக்கேற்றி வைத்தேன்.

சாப்பிடும்போது சுடர் ஒரு விஷயம் சொல்லிச் சிரித்தாள். கலியபெருமாள்தான் புட்டியைத் திறந்து கொட்டினானாம். "என்னம்மா, உங்க குருணையில ரசம் வாசம் வருது" என்றானாம். சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனதால் அப்படி இருக்கும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இவள் மூக்குதான் இன்னும் திறக்கவில்லையே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்வது அவர்கள் பரம்பரைக் குணம். அப்பன் இலையிலிருந்து எழுப்பினான், மகன் ரசத்தை இழுக்கிறான். தேதி போட்டு வைக்கிறேன்.

கார்த்திகை 10, திங்கள்

சொட்டிவிட்டது. ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்து காட்டினாள். பார்க்கத் தண்ணீர்தான். மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே இருந்தாள். இதற்காகவா இத்தனை வருடம் என்று கேட்க வாயெடுத்தேன், முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. குழந்தையாக இருந்தபோது முதல் பல் விழுந்ததை இப்படித்தான் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கேசரி செய்தேன்.

கார்த்திகை 13, வியாழன்

சொட்டுவது குறைகிறதாம். சூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். முதலில் கூடியது, மறுபடி குறைந்துவிட்டது. இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள்.

கார்த்திகை 15, சனி

நின்றே போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார்.

கார்த்திகை 17, திங்கள்

ஒன்றும் பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழாயிலிருந்து ஒரு கை குருணையை எடுத்துச் சோதித்தார்களாம். கந்தகம் ஏறியிருக்கிறது. இந்தக் குருணைக்குக் கந்தகம்தான் சப்பாத்தி. துளி பட்டாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆலைப் புகையில் கந்தகம் உண்டு. அதை வடிகட்ட வழியில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கிற மருந்தை அவ்வப்போது மாற்ற வேண்டும், அது கலியபெருமாள் வேலை. மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லியிருக்கிறான் என்கிறார் அதிகாரி. மாற்றினேன் என்று இவன் சத்தியம் பண்ணுகிறான். பழைய மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டதால் காட்ட ஒன்றும் இல்லை.

தனக்கோடி மகன் பொய்யன் என்று ஊரறியப் போகிறது. எனக்கு இனித்திருக்க வேண்டும். கேட்டுவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தேன். முள்ளுக்கீரை ஆய்வது போல் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டு இருந்திருக்கிறேன், அது அரைக்கீரை.

கந்தகம் வேறு எதில் இருக்கும் என்று கேட்டேன். சுடர் எங்கோ பார்த்துக்கொண்டு, முட்டை, வெங்காயம், பூண்டு, நாறுகிற எதிலும் கொஞ்சம் இருக்கும் என்றாள்.

அதன் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை இருந்தது. தகர டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

கார்த்திகை 18, செவ்வாய்

தலைவலி. எழுதவில்லை.

கார்த்திகை 19, புதன்

காரைக்குடியில் சுடரோடு படித்த தோழி ஒருத்தி பெரிய சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். புட்டியில் மிச்சம் இருந்த, குழாய்க்குள் போகவே போகாத குருணையைக் கொஞ்சம் சுடர் அவளுக்கு அனுப்பியிருந்தாள். அவள் போன் பண்ணினாள். இவள் நடுவீட்டில் நின்று பேசினாள், எனக்குக் காது நன்றாகவே கேட்கும். "அதுலயுமா? புகையே படாததுலயா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு குரலைத் தணித்து, இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே என்றாள்.

போனை வைத்துவிட்டு மாடத்தைப் பார்த்தாள். புட்டியை எடுத்து மூடியைப் பார்த்தாள். மூடி புதுசு. மூக்கில் வைத்து முகர்ந்தாள். ஜலதோஷம் விட்டுப் போயிருந்தது. நேரே அடுப்படிக்கு வந்தாள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். பெருங்காயம் தாளில் மடித்திருந்ததைப் பார்த்தாள். அரிசிப் பானையை நகர்த்தினாள்.

கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள். டப்பாவின் அடி மடிப்பில் ஒரே ஒரு கறுப்புக் குருணை சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்ப அதிலேயே போட்டு மூடினாள்.

"காபி போடு அப்பாயி" என்றாள்.

போட்டேன். குடித்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கார்த்திகை 20, வியாழன்

இன்றைக்கும் கேட்கவில்லை. ஆலைக்குப் போய்விட்டு வந்து அறிக்கை எழுதினாள். குருணை எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று ஓர் இடத்தில் நிரப்ப வேண்டுமாம். என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஆலையில் என்று எழுதினேன், நீயும் அதைத்தானே சொல்வாய் என்றாள்.

கார்த்திகை 21, வெள்ளி

கலியபெருமாள் வீட்டுக்கு வந்தான். மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு வேளை. சுடர் இன்னும் வரவில்லை. சுடரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்று வாசலிலேயே நின்றான். முகம் காய்ந்திருந்தது. சாப்பாட்டு வேளையில் வந்தவனை, அவன் யார் மகனாக இருந்தாலும், நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவனுக்கும் அவன் அப்பனுக்கும் என்ன வித்தியாசமோ தெரியாது, எனக்கும் அவன் அப்பனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உள்ளே வா என்றேன்.

தட்டு வைத்தேன். சாதம், முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். மெதுவாகச் சாப்பிட்டான். சாம்பார் பிரமாதம் என்றான். சாவித்துவாரத்தில் சாவி நுழைந்த மாதிரி ஏதோ ஒன்று எனக்குள் திரும்பிற்று, ஆனால் எது திறந்தது என்று தெரியவில்லை.

சுடர் வந்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பிறகு பையைக்கூடக் கீழே வைக்காமல், வேகமாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க திங்கக்கெழமைலேருந்து வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியல."

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "மருந்து மாத்துனேன்மா. நீங்களே பாத்தீங்களே, அன்னைக்குக் கையெல்லாம் வெள்ளையா வந்தேனே" என்றான். சுடர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்தான். கொல்லையில் போய்க் கை கழுவினான். வருகிறேன் பெரியம்மா என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனான்.

தட்டில் சாதம் பாதி இருந்தது. அப்பளத்தை இன்னும் உடைக்கவில்லை.

கார்த்திகை 22, சனி

அந்தத் தட்டை இன்னும் கழுவவில்லை.

கார்த்திகை 23, ஞாயிறு

எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. சொன்னால் சுடர் மாட்டிக்கொள்வாள். ரூலை மீறினாள், அறிக்கையில் பொய் எழுதினாள், இத்தனை வருட உழைப்பும் போகும். சொல்லாவிட்டால் போவது தனக்கோடி மகன். தராசில் போட்டால் எந்தத் தட்டு தாழும் என்று ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமலே சொல்லியிருப்பேன். ராத்திரியெல்லாம் என் வீட்டுக்காரர் எழுந்து வருகிற முகம்தான் தெரிகிறது, ஆனால் அவருக்கு ஐம்பது வயதாகி, கையில் வெள்ளை மருந்து ஒட்டியிருக்கிறது.

மத்தியானம் சுடருக்கு இலை போட்டேன். எதற்கு இலை என்றாள். சும்மா என்றேன். வற்றல் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். ஒவ்வொன்றாகப் பரிமாறினேன். டப்பா என் முந்தானைக்குள் இருந்தது. குழம்பு சாதத்திலேயே வைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. ரசம் ஊற்றினேன். மோர் ஊற்றினேன். மோர் சாதத்தைத் துளி மிச்சமில்லாமல் முடித்து, விரலை நக்கி, இலையை மடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். இந்த வீட்டில் இனிமேல் யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது.

மடித்த இலைக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தேன்.

சுடர் அதைத் தொடவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உனக்கு ரெண்டு நாளு முந்தி."

"ஏன் சொல்லல?"

"தனக்கோடி மவன்னு இருந்துட்டேன். நீ ஏன் சொல்லல?"

எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதாள். நான் தடவிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் டப்பாவைத் திரும்ப எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னாலேயே வைத்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து, என்மேல் பழி போட்டுவிடு, கிழவி செய்தாள் என்று சொல் என்றேன்.

"நீ வெச்சதால மட்டும் இல்ல அப்பாயி. நான் கொண்டாந்ததால" என்றாள். கை கழுவினாள். டப்பாவைப் பாலிதீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஆலைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகை 25, செவ்வாய்

சுடர் என்னோடு பேசுகிறாள், ஆனால் தேவைக்கு மட்டும். உப்பு, சுடுதண்ணீர், சாவி. பேசாமல் இருந்தால்கூடத் தேவலை.

கார்த்திகை 29, சனி

சோதனையை மூடவில்லை. புகையைச் சுத்தம் பண்ணுகிற உருளை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, கெட்டது குருணையின் அந்த ஒரு ஈடு மட்டும்தான் என்று பெருங்காய டப்பாவைச் சோதித்துச் சொல்லிவிட்டார்களாம். கலியபெருமாள் உருளையில் புதிதாகப் போட்ட மருந்தையும் எடுத்துப் பார்த்தார்கள், புத்தம் புதுசாக இருந்ததாம். முன்னாலேயே ஒருத்தருக்கும் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

புதுக் குருணை செய்து தை மாதம் மறுபடி ஓட்டப் போகிறார்கள். ஆனால் நடத்தப் போவது சென்னையிலிருந்து வருகிற வேறொருவர். சுடர் அவருக்குக் கீழே. அவள் கையால் செய்த குருணை, அவள் பெயர் இரண்டாவதாக வரும். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்கழி 2, செவ்வாய்

கலியபெருமாள் வேலைக்குத் திரும்பிவிட்டான். சுடர் அவனிடம் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்லவில்லை. அது அவளிடமே இருக்கட்டும்.

மத்தியானம் அவனைச் சாப்பிட வரச் சொல்லி நானே ஆள் அனுப்பினேன். வந்தான். மாடத்தைப் பார்த்தான், அடுப்படியைப் பார்த்தான். "பெரியம்மா, இன்னைக்கு ரசம் எந்த டப்பாவுல?" என்றான். தனக்கோடியின் அதே பல்வரிசை. சிரிப்பு மட்டும் வேறு யாருடையதோ.

தனக்கோடியை நான் விட்டுவிடவில்லை. செத்தாலும் விடமாட்டேன். அது வேறு.

இலை போட்டேன். சாதம், சாம்பார், கோஸ் பொரியல். அப்பளத்தை ஓரத்தில் வைத்தேன். பக்கத்து இலையில் சுடர் வந்து உட்கார்ந்தாள், நான் கூப்பிடாமலே. கலியபெருமாள் சாதத்தைத் தொடுவதற்கு முன்னால் அப்பளத்தை எடுத்து உடைத்தான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தேன்.